காண்போர் களிக்க…

ஒரே ஆட்டம்! எண்பது நிமிட நேரம்! அதற்குள் 111 முறை பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே சென்றது!

1963, பிப்ரவரித் திங்கள். ஸ்காட்லாந்தின் மர்ரேஃபீல்டு திடலில் ஸ்காட்லாந்தும் வேல்சும் மோதிய ரக்பி ஆட்டம் அது. வேல்சு அணித் தலைவர் கிளைவ் ரௌலண்ட்ஸ், கையில் பந்து வந்தபோதெல்லாம் அதை எல்லைக்கு வெளியே உதைத்தார். உதைத்தார், நாலடி முன்னேறினார், மீண்டும் உதைத்தார். வேல்சு 6-0 என வென்றது. விதி மீறப்பட்டதா? இல்லை. குற்றம் ஏதும் நடந்ததா? இல்லை. வெற்றி கிடைத்தது, ஆட்டந்தான் கிடைக்கவில்லை!

காசு கொடுத்துக் காண வந்தவன் கண்டது என்ன? பந்து வெளியே போவதைக் கண்டான். அதை உள்ளே எறிவதற்காக இரு வரிசையாய் ஆட்கள் நிற்பதைக் கண்டான். மீண்டும் அது வெளியே போவதைக் கண்டான். ஆட்டத்தை ஆள்வோர் சிந்திக்கலாயினர். தன் எல்லைக்கு அருகே, 25 கெஜக் கோட்டுக்குள் நின்றால் ஒழிய, நேரே வெளியே உதைப்பதால் முன்னேற்றம் கிடையாது என்று 1970ஆம் ஆண்டளவில் விதி திருத்தப்பட்டது.

அன்று தொடங்கியதன்று இந்த வழக்கு, அன்றோடு முடிந்ததுமன்று. ரக்பி யூனியன் ஆட்டத்தை மேலும் சுவையுள்ளதாக்க வேண்டும், புதிய மக்களைக் கவர வேண்டும், அதற்காக விதிகளை மாற்ற வேண்டும் என்ற குரல் இன்று ஓங்கி ஒலிக்கிறது. கூடாது, கூடாது, ஆட்டத்தின் உயிர் போய்விடும் என்ற எதிர்க்குரலும் உடன் எழுகிறது.

வெள்ளைக்காரன் முட்டை வடிவப் பந்துக்காக மண்ணில் புரள்கிறான். நமக்கென்ன வந்தது என்று கேட்கும் தோழர்கள் இருப்பர். கேட்கட்டும். 1870களில் கல்கத்தாவில் ரக்பிக் கழகம் நடத்திய வெள்ளையர், கழகத்தைக் கலைத்தபோது வங்கியில் எஞ்சியிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தனர். நாகங்கள் கைப்பிடியாக, யானை மூடியின் உச்சியிலே! இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் போட்டியிடுவது அந்தக் கல்கத்தாக் கோப்பைக்குத்தான். நம் நாட்டு ரூபாய் உருகி ஓடிய ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை பேச நமக்கு உரிமை இல்லையா? அது கிடக்கட்டும். மரபு என்பதை மாற்றலாமா, மாற்றுவதாயின் யாருக்காக, அந்த மாற்றத்தின் விலையை யார் கொடுப்பது? நாம் எங்கும் கேட்டுவரும் கேள்விகளே இங்கும் நிற்கின்றன.

ஆட்டத்தைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம்; கையால் எறிவதாயின் பின்னால்தான் எறிய வேண்டும். எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதிப்பது ‘ட்ரை’. சிறு பிழைக்குப் பின், எட்டுப் பேர் எட்டுப் பேரோடு தோள் பின்னி முட்டித் தள்ளுவது ‘ஸ்கிரம்’. பந்தோடு வருபவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்துவது ‘டேக்கிள்’. இவற்றுக்கிடையே விசில், விசில், மேலும் விசில்! எண்பது நிமிடத்தில் பந்து உண்மையாகவே ஆட்டத்தில் இருப்பது பாதி நேரத்துக்கும் குறைவு. ஏன் விசில் ஊதப்பட்டது என்பது, புதிதாய்க் காண வந்தவனுக்குப் புரிவதேயில்லை.

மாற்றவே கூடாது என்போர் எதைக் காட்டி அப்படிச் சொல்கிறார்கள்? மரபைக் காட்டி! அந்த மரபின் தலபுராணத்தைச் சற்றே புரட்டுவோம். 1823இல் ரக்பி நகரத்துப் பள்ளியில் வில்லியம் வெப் எல்லிஸ் என்ற மாணவன், காற்பந்து ஆடுகையில் பந்தைக் கையில் அள்ளிக்கொண்டு ஓடினானாம். அதிலிருந்து பிறந்ததாம் இந்த ஆட்டம். கண்டவர் யார்? யாருமில்லை. எல்லிஸ் பின்னர்ப் பாதிரியாராகி 1872இல் மறைந்தார்; கதை அச்சேறியதோ நான்கு ஆண்டுகள் கழித்து, 1876இல். எழுதிய ப்ளாக்ஸம் என்பார் கண்ணால் கண்டவரல்லர். 1895இல் பள்ளியின் பழைய மாணவர்கள் துருவித் துருவி ஆராய்ந்தும் நேரில் கண்ட சான்று ஒன்றுகூடக் கிட்டவில்லை. ஆயினும் கல்வெட்டு நட்டனர்; உலகக் கோப்பைக்கும் அவர் பெயரையே சூட்டினர்!

புராணம் பொய் என்று சொல்லி விட்டுவிட நாம் விரும்பவில்லை. அதை மெய்யென்றே கொள்வோம். அப்படியானால் அக்கல்வெட்டு எதைப் போற்றுகிறது? விதியை மதியாது ஓடிய ஒரு சிறுவனை! விதியை உடைத்தவனுக்குச் சிலை எழுப்பிவிட்டு, அதன் அடியில் நின்றுகொண்டு விதியைத் தொடாதே என்பது எத்தகைய வேடிக்கை!

உண்மையில் இந்த ஆட்டத்தின் விதிகள் ஓயாது மாறி வந்தவை. தொடக்க காலத்தில் ட்ரைக்குப் புள்ளியே கிடையாது. கம்பத்துக்கு இடையே உதைத்துப் பார்க்கும் ஒரு முயற்சிக்கான உரிமை மட்டுமே கிடைத்தது. பெயரே அதைத்தான் சொல்கிறது. பின்னர் அது மூன்று புள்ளியாயிற்று, 1971இல் நான்கு, 1992இல் ஐந்து. மாறியதுதான் மரபு! ஆகவே மாற்றலாமா என்ற கேள்வியில் நமக்கு ஐயம் ஏதுமில்லை. யாருக்காக என்பதிலேதான் நம் சிந்தனை நிற்கிறது.

அதற்கு 1895க்குச் செல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடபுலத்திலே, யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும், நெசவாலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்த தோழர்கள் ரக்பி ஆடினர். தென்புலத்துச் சீமான் வீட்டுப் பிள்ளைக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். பாட்டாளிக்கோ அது வேலைநாள். ஆடப் போனால் கூலி போகும். காலொடிந்தால் குடும்பமே பட்டினி கிடக்கும். ஆகவே அவர்கள் கேட்டது பரிசன்று, சம்பளமன்று; ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடுகட்டும் தொகை மட்டுமே! 1893இல் இலண்டனில் கூடிய பொதுக்குழு அதை 136க்கு எதிராக 282 வாக்குகளால் தள்ளுபடி செய்தது. பணத்துக்கு ஆடுவது இழிவு என்றனர், பணத்துக்குக் குறைவே இல்லாதவர்கள்! 1895 ஆகஸ்டு 29இல் ஹடர்ஸ்ஃபீல்டு நகர ஜார்ஜ் விடுதியில் இருபதுக்கும் மேற்பட்ட வடபுலக் கழகங்கள் கூடின, பிரிந்தன, தனி அமைப்புக் கண்டன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் ஈட்டுத்தொகை என வகுத்தன.

இனிதான் நம் பொருளுக்கு வருகிறோம். ஆறு ஷில்லிங் எங்கிருந்து வரும்? நுழைவாயிலில் மக்கள் செலுத்தும் காசிலிருந்து. மக்கள் எப்போது வருவர்? ஆட்டம் காணத்தக்கதாய் இருந்தால் வருவர். எனவே பிரிந்து சென்றோர் விதிகளைத் திருத்தினர். பந்தை வரிசைக்கு நடுவே எறியும் லைன் அவுட் முறையை 1897இல் ஒழித்தனர். 1906இல் பதினைந்து பேரைப் பதின்மூன்றாகக் குறைத்தனர். திடலில் இடம் பிறந்தது, ஓட்டம் பிறந்தது. அதுவே இன்று ரக்பி லீக் எனப்படுவது. கவர்ச்சியான ஆட்டம் வேண்டும் என்று அன்று கேட்டவன் முதலாளி அல்லன். கேளிக்கைக்கு அலைந்தவனும் அல்லன். கூலியிழந்த பாட்டாளி கேட்டான்! அவன் வீட்டு அடுப்பெரிவதற்கும் ஆட்டம் சுவையாய் இருப்பதற்கும் தொடர்பு இருந்தது.

யூனியன் கனவான்கள் என்ன செய்தனர்? லீக் ஆடியவன் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை! அங்கே ஒருமுறை ஆடியவனுக்கு இங்கே என்றென்றும் இடமில்லை என்று விலக்கி வைத்தனர். தீண்டாமைக்கு ஆங்கில உருவம் எப்படி இருக்கும் என்று காண விரும்புவோர் இதைக் காணலாம். காண்போருக்காக ஆடுவது தாழ்வு. ஆடுவோருக்காக ஆடுவதே உயர்வு என்பது அவர்கள் வேதம். கேட்க இனிமையான வேதந்தான். அதை ஓதியவருக்கு வயிறு நிறைந்திருந்தது என்பதை மட்டும் நாம் மறந்துவிடலாகாது.

அந்தக் கதவு எப்போது திறந்தது? 1995 ஜூனில், முர்டாக்கின் நிறுவனம் தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காட்டுவதற்குப் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 55 கோடி டாலர் தந்தது. இரண்டே திங்களில், ஆகஸ்டு 26இல், பாரிசில் கூடிய உலக அமைப்பு, ஆடுவோர் ஊதியம் பெறலாம் என அறிவித்தது. ஹடர்ஸ்ஃபீல்டு பிரிவினைக்கு நூறாண்டு நிறைய மூன்றே நாள் பாக்கி! நீதி தட்டியபோது திறவாத கதவு, நிதி தட்டியவுடன் திறந்துகொண்டது.

இப்போது ஆட்டக்காரன் ஊதியம் பெறுகிறான். அதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சுவை வேண்டும், வேகம் வேண்டும் என்று இன்று கேட்பது யார்? பெரும்பாலும் ஒளிபரப்பை விற்பவன். விதியைத் தொடாதே என்ற சீமான் ஒருபுறம். எதை வேண்டுமானாலும் தொடு, பெட்டி நிரம்பினால் சரி என்ற வணிகன் மறுபுறம். இருவரிடத்தும் நமக்கு உறவில்லை.

வணிகன் முதலில் நம்புவது எண்ணிக்கையை. ட்ரை கூடினால் மக்கள் கூடுவர் என்பது கணக்கு. கணக்கு எப்படி ஆயிற்று? ட்ரைக்கு ஐந்து புள்ளி என்றதும், அதை விடுவதைவிட வேண்டுமென்றே பிழை செய்து எதிரிக்கு மூன்று புள்ளிக்கான பெனால்டி தருவது இலாபம் என்று தடுப்போர் கண்டுகொண்டனர். அதைத் தடுக்க மஞ்சள் அட்டை வந்தது. பெனால்டி பெற்றோரும் கம்பத்தை நோக்கி உதைப்பதை விட்டுப் பந்தை மூலையில் வெளியே தள்ளி, அங்கிருந்து எட்டுப் பேர் மலைபோல் இறுகித் தள்ளிக்கொண்டே போய்க் கோட்டைக் கடக்கலாயினர். ட்ரை கிடைத்தது, காண்பவனுக்கு மனித முதுகுகளே தெரிந்தன! விதியால் புத்தியைத் திருப்பலாம். எந்தப் பக்கம் திரும்பும் என்று கட்டளையிட முடிவதில்லை.

எண்ணிக்கையிலா இருக்கிறது சுவை? 1995 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஜோகன்னஸ்பர்க். கூடுதல் நேரமும் சேர்த்து நூறு நிமிடம். ஒரு ட்ரைகூட இல்லை! தென்னாப்பிரிக்கா 15, நியூசிலாந்து 12, எல்லாம் உதையால் வந்த புள்ளிகள். ஆயினும் அந்த ஆட்டத்தை உலகம் மறந்ததா? நிறவெறிக்கு எதிராய் நின்று 27 ஆண்டுகள் சிறையிலிருந்த மண்டேலா, வெள்ளையரின் சின்னமாய் இருந்த அதே பச்சைச் சட்டையை அணிந்து கோப்பையை வழங்கினார். அன்று அந்த அணியிலே வெள்ளையரல்லாதவர் ஒருவர்தான் இருந்தார், செஸ்டர் வில்லியம்ஸ். 2019இல் அதே நாட்டுக் கருப்பினத் தோழர் சியா கோலிசி தலைவராய் நின்று கோப்பையை ஏந்தினார்.

இனி, நம் நெஞ்சை உறுத்தும் பகுதி.

2003இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியில் ஸ்டீவ் தாம்ப்சன் இருந்தார். 2020 டிசம்பரில், தமக்கு நினைவிழப்பு நோய் தொடங்கிவிட்டது என்றும், அக்கோப்பையை வென்ற ஆட்டங்களே நினைவில் இல்லை என்றும் அவர் வெளியிட்டார். அப்போது அவர் வயது 42! கோடிக் கணக்கானோர் நினைவில் வைத்திருக்கும் வெற்றி, அதனை ஈட்டியவன் நினைவில் மட்டும் இல்லை. தாம்ப்சன் தனியாள் அல்லர்; அவரைப் போன்ற பலர் வழக்குத் தொடுத்திருக்கின்றனர். ஸ்காட்லாந்தின் முன்னாள் பன்னாட்டு ஆட்டக்காரர் 412 பேரைப் பற்றிய கிளாஸ்கோ ஆய்வு 2022இல் வெளிவந்தது: மூளை நரம்பைச் சிதைக்கும் நோய்கள் அவர்களுக்கு வரும் வாய்ப்பு, ஏனைய மக்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு!

ஆகவேதான் தலையில் மோதுபவனுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றும் முறை கடுமையாக்கப்பட்டது. வெளியேறியவனுக்குப் பதில் ஆள் கிடையாது. 14 பேரோடு ஆட வேண்டும். உடனே எழுந்தது ஓலம்: பதினைந்துக்குப் பதினான்கு என்றால் ஆட்டம் கெடுகிறதே, காண வந்தோர் ஏமாறுகின்றனரே! அந்த ஓலத்தின் விளைவு, வெளியேறியவன் திரும்ப முடியாது, ஆனால் இருபது நிமிடம் கழித்து வேறொருவன் அவனுக்காக இறங்கலாம் என்ற புதுமுறை. 2025இன் ஆறு நாடுகள் போட்டியில் அது சோதிக்கப்பட்டது. பிரெஞ்சு அமைப்பு முன்னரே எதிர்த்துக் குரல் கொடுத்தது.

புதுமுறையை வேண்டுவோர் கொடியவர்கள் என்று நாம் சொல்லவில்லை. மோதல் நொடியில் நிகழ்கிறது, குனிந்து வந்தவன் தலை தோளில் படுகிறது, எண்ணிச் செய்ததன்று. ஒருவன் தவறுக்குப் பதினான்கு பேரையும் தண்டிப்பது முறையா என்ற அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் தண்டனை கடுமையாய் இருந்தால்தானே பயிற்சியாளன் வாரம் முழுதும் ஆட்டக்காரனிடம், குனி, குனி, தாழப் பிடி என்று சொல்லிக்கொண்டிருப்பான்? இருபது நிமிடத்தில் ஆள் கிடைத்துவிடும் என்றால், அந்தச் சொல் அவன் வாயில் அவ்வளவு அழுத்தமாக வருமா? வராது என்றே நாம் கருதுகிறோம்.

அப்புறம், ஆட்டம் கெடுகிறது என்பதாவது உண்மையா? 2023 இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். நியூசிலாந்துத் தலைவர் சாம் கேன், எதிராளியின் தலையில் தோள் பட்டதற்காக முதற்பாதியிலேயே வெளியேற்றப்பட்டார், பிறகு திரும்பவேயில்லை. அன்றைய ஆட்டத்தின் ஒரே ட்ரையை அடித்தது யார்? தலைவனை இழந்த அந்த அணிதான்! முடிவு, தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. ஒரு புள்ளி வேறுபாட்டில், இறுதி நிமிடம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்கள், ஆட்டம் கெட்டது என்று எப்படிச் சொல்வார்கள்?

மாற்று ஆட்டக்காரர் செய்தியும் சிக்கலானது. 1968 வரை காயம் பட்டவனுக்கும் பதில் ஆள் கிடையாது. 1996 முதல் உத்திக்காகவும் மாற்றலாம் என்றாயிற்று. இன்று எட்டுப் பேர் வெளியே காத்திருக்கின்றனர். 2023 இறுதியில் தென்னாப்பிரிக்கா அந்த எட்டில் ஏழு பேரை முட்டித் தள்ளும் மலைகளாகவே வைத்திருந்தது. ஒரு மணி நேரம் ஆடிக் களைத்தவன் மீது களைப்பறியா உடல் வந்து மோதுகிறது. மாற்றுவோரைக் குறையுங்கள், களைப்பால் திடலில் இடைவெளி பிறக்கும், ஓட்டமும் பிறக்கும் என்கின்றனர் சிலர். களைத்தவனே காயப்படுகிறான் என்கின்றனர் வேறு சிலர். முன்னவர் பக்கமே நம் மனம் சாய்கிறது. ஆயினும் காயங்களை எண்ணிப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும், கைத்தட்டலை எண்ணிப் பார்த்தல்ல.

ரோமாபுரி அரங்கிலே வாளேந்தியவன் வீழ்ந்தபோது மக்கள் ஆர்ப்பரித்தனர். நாம் அவர்களைப்போல் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். மெய்தான், ரக்பி ஆடுவோன் அடிமை அல்லன், விரும்பி ஆடுகிறான். ஆனால் என்ன விலை என்பதை அறிந்து விரும்பினானா? தாம்ப்சனிடம் இருபது வயதில் யாராவது சொன்னார்களா? சொல்லாமல் பெற்ற சம்மதத்தைச் சம்மதம் என்று நாம் ஏற்பதில்லை. இங்கே மட்டும் எப்படி ஏற்பது? காசு கொடுத்துக் கைதட்டுபவனுக்கும் இதில் பங்குண்டு. மோதல் ஒலி கேட்டதும் எழுந்து ஆர்ப்பரிப்பவன், பிறகு அவன் தலையைப் பற்றி நான் என்ன செய்வேன் என்று கைவிரிக்க முடியாது.

சுவைக்கும் நலத்துக்கும் எப்போதும் பகையா? அதுவுமில்லை. 2018இல் பிரான்சில் இளம் ஆட்டக்காரர்கள் சிலர் திடலில் பட்ட அடியால் மாண்டனர். அடுத்த ஆண்டு முதல், ஊர்க் கழகங்களின் ஆட்டங்களில் இடுப்புக்கு மேல் பிடிப்பது தடுக்கப்பட்டது. இடுப்பில் பிடிபட்டவனுக்குக் கை விடுதலையாய் இருக்கும். விழும்போதே பந்தைத் தோழனுக்குத் தந்துவிடலாம். ஆட்டம் நில்லாமல் ஓடும். தலையைக் காக்க வந்த விதி ஓட்டத்தையும் வளர்க்கிறது.

மக்களை ஈர்ப்பது எது என்று மெய்யாகவே அறிய விரும்புவோர், மெல்ரோஸ் என்ற சிற்றூரைப் பார்க்கலாம். 1883இல் அவ்வூர் ரக்பிக் கழகத்தில் காசில்லை. இறைச்சிக் கடைத் தொழிலாளி நெட் ஹேய்க், பக்கத்துக்கு எழுவர் ஆடும் குறும்போட்டி நடத்தலாம் என்றார். பிறந்தது எழுவர் ரக்பி. 2016இல் அது ஒலிம்பிக்கில் நுழைந்தது. பிரிட்டனை 43-7 என வீழ்த்தித் தங்கம் வென்றது பீஜி. அந்தச் சின்னஞ்சிறு தீவு நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. மகிழ்ச்சி தாளாது ஏழு டாலர் நோட்டே அச்சிட்டனர்!

பெண்கள் கதை இன்னும் நெஞ்சை அள்ளுவது. 1991இல் வேல்சில் முதல் மகளிர் உலகக் கோப்பையைப் பெண்களே நடத்தினர். உலக அமைப்பு அதை ஏற்கவுமில்லை. சோவியத்துப் பெண்கள் கையில் பணமின்றி வந்து, ஊரிலிருந்து கொணர்ந்த பொருள்களை விற்றுச் செலவைச் சமாளிக்க முயன்றனர். 2025 செப்டம்பர் 27: இலண்டன் ட்விக்கனாமில் மகளிர் இறுதி ஆட்டம், இங்கிலாந்து 33, கனடா 13. வந்திருந்தோர் 81,885 பேர்! அவர்களை ஈர்க்க ட்ரையின் புள்ளியை உயர்த்தினரா? ஸ்கிரம்மை ஒழித்தனரா? ஆண்கள் ஆடும் அதே ஆட்டத்தைத்தான் அவர்களும் ஆடினர். பூட்டிக் கிடந்த வாயில் ஒன்று திறந்தது; அவ்வளவே.

2027இல் ஆஸ்திரேலியாவில் ஆண்கள் உலகக் கோப்பை நடக்கவிருக்கிறது. இருபது அணிகள் ஆடிய போட்டியில் இனி இருபத்து நான்கு. ஹாங்காங் முதன்முறையாக வருகிறது. ஜிம்பாப்வே 1991க்குப் பிறகு இப்போதுதான் வருகிறது. ஆட்டத்தைக் கவர்ச்சியாக்கும் வழி தேடுவோர் அந்த இரு நாட்டுத் தெருக்களில் அன்று மாலை யார் யார் தொலைக்காட்சி முன் அமர்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.